ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்த வாள்

1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைச் சரணடைய வைத்தவர் மார்த்தாண்ட வர்மா. 1750 ஜனவரியில் அவரே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் தன் உடைவாளை வைத்து, வென்று சேர்த்த நாடு முழுவதையும் பெருமாளுக்கு ஓலை எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து அந்த வம்சத்தார் பத்மநாபதாசர்கள். நாடு சுவாமியுடையது, அரசன் அடிமையாக இருந்து நடத்துகிறவன் மட்டுமே.

திருவிதாங்கூர் வரலாற்று நூல்களில் குளச்சல் ஒரு பக்கமும் திருப்படிதானம் இன்னொரு பக்கமுமாகவே கிடக்கின்றன. போர் நூல் எழுதுகிறவருக்குத் தானம் ஒரு சடங்கு, கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி. பக்தி நூல் எழுதுகிறவருக்குப் போர் ஒரு முன்கதை. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால் ஒரு கேள்வி வருகிறது. வென்றவன் வெற்றியைக் கடவுளிடம் கொடுத்துவிட்டால், அந்த வெற்றிக்காகச் செத்தவர்களின் பொறுப்பும் கூடவே போய்விடுமா? இதை வேதாந்தப் பாடமென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு போர் நூலின் பலம் எது, எல்லை எது என்று பார்க்க, என் வாசிப்பில் இதைவிடக் கூர்மையான கேள்வி அகப்படவில்லை.

என் ஊர் இரணியல். சிறுவயதில் குளச்சல் எங்களுக்கு சைக்கிளில் போகிற தூரம். கடற்கரை வெற்றித் தூணின் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறோம். பிறகு வேலை ஏஜீஸ் ஆபீஸில், வீடு கரமனையில். ஓய்வுபெற்றதிலிருந்து பாளையம் பப்ளிக் லைப்ரரிதான் பகல் முழுவதும். 1829இல் தொடங்கிய நூலகம் அது. அங்கே திருவிதாங்கூர் பற்றிய பழைய நூல்கள் வரிசையாக நிற்கும் அலமாரிக்கும் எனக்கும் நெடுநாள் பழக்கம். ஒரே சண்டையை வெவ்வேறு தலைமுறைக்காரர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கு வழிபாட்டுக்கு நிகரான காரியம்.

முதலில் இந்த நூல்களுக்குச் செலுத்த வேண்டிய நன்றியைச் செலுத்திவிடுகிறேன். குளச்சலைப் பற்றி ஊரில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை வேறு. டச்சு அட்மிரல் டிலனாய் பெரும் கப்பற்படையோடு வந்தான். நம் மீனவர்கள் பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி காட்டி மிரட்டினார்கள். ஒரே நாளில் வெற்றி. ஐரோப்பியரைத் தோற்கடித்த முதல் ஆசிய அரசன் நம் அரசன். இதில் எது நிற்கும், எது நிற்காது என்று பொறுமையாகச் சலித்துக் கொடுத்தவர்கள் வரலாற்றாசிரியர்களே. எம்.ஓ. கோசியும், 1997இல் 'திருவிதாங்கூரின் குலசேகரப் பெருமாள்கள்' என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதிய மார்க் டி லனாயும் டச்சுக் கம்பெனியின் கடிதங்களையும் குறிப்புகளையும் தோண்டி எடுத்துப் படித்தார்கள். அவற்றின்படி எஸ்தாக்கியஸ் டிலனாய் அட்மிரலே அல்ல. கம்பெனியில் கீழ்மட்டத்தில் சேவகம் பார்த்த ஒருவர். பெரிய பதவி அவருக்கு வந்தது தோற்ற பிறகு, திருவிதாங்கூரில். வலிய கப்பித்தான் ஆனது இங்கேதான். சண்டையும் ஒரு நாளில் முடிந்ததல்ல. சிலோனிலிருந்து வந்த படை 1741 தொடக்கத்தில் கரையிறங்கி, கல்குளம் வரை உள்ளே போய், மழைக்காலத்தில் பின்வாங்கிக் குளச்சலில் தன் வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தது. கடைசியில் ஒரு குண்டு அவர்களுடைய வெடிமருந்தில் விழுந்து தீப்பிடித்தது. அந்தத் தீயில் அரிசி எரிந்துபோனது. அரிசி போனதும் சரணடைந்தார்கள்.

அது கொல்லம் 916, கர்க்கடக மாதம். இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் கர்க்கடகம் என்றால் என்னவென்று தெரியும். கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காது, பத்தாயம் அடிதட்டும். பஞ்சக் கர்க்கடகம் என்றே சொல்வது வழக்கம். கப்பல் கரையை நெருங்க முடியாத மாதத்தில், அரிசி எரிந்துபோன ஒரு கூட்டம் எத்தனை நாள் தாங்கும்? உதவிக்குப் படை அனுப்ப வேண்டிய ஜாவாவின் பட்டாவியாவில் 1740 அக்டோபரில் சீனர் படுகொலை நடந்து, அதன் தொடர்ச்சியாக ஜாவா முழுக்கப் போர் பற்றி எரிந்துகொண்டிருந்தது. கொச்சிக்கும் கொழும்புக்கும் கொடுக்க அங்கே ஆளில்லை. குளச்சல் கடற்கரையில் நின்று பார்த்தால் ஜாவா தெரியாது. அதைக் காட்டுவது நூல்தான். இதைப் போர் வரலாற்றின் தலையாய பலம் என்று நினைக்கிறேன். நம் ஊர்ச் சண்டையை உலகத்தோடு கட்டிப்போட்டுக் காட்டுகிறது, நம் பெருமையை அதன் உண்மையான அளவுக்குக் கொண்டுவருகிறது. தைவானில் கொக்சிங்கா 1662இலேயே டச்சுக் கோட்டையைப் பிடித்துவிட்டான். கன்னொருவையில் கண்டிப் படை 1638இல் போர்த்துக்கீசியரை முறியடித்தது. மராட்டியர் வசாயியைப் பிடித்தது 1739இல், குளச்சலுக்கு இரண்டே ஆண்டு முன்னால். 'முதல்' என்ற சொல் போனாலும் குளச்சலின் மதிப்பு போகவில்லை. பட்டயத்தை எடுத்துவிட்டால்தான் நிகழ்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது.

தேதியைக்கூடப் பாருங்கள். சில நூல்களில் ஜூலை 31, சிலவற்றில் ஆகஸ்ட் 10. ஆங்கிலேயர் அன்று வைத்திருந்த பழைய நாட்காட்டிக்கும் டச்சுக்காரர்களின் புதிய நாட்காட்டிக்கும் 11 நாள் இடைவெளி. அதைக் கழித்தால் இரண்டு தேதிகளும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். இப்படி ஒரு முடிச்சை அவிழ்க்கும் நூலைப் படிக்கும்போது எனக்கு உண்டாகும் மரியாதை சாதாரணமானதல்ல. பொய்க்கு எதிராக ஒருவர் தன் கண்பார்வையைச் செலவழித்திருக்கிறார்.

தோற்றவன் எழுதியதும் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. மலபாரில் கம்பெனியின் கமாண்டராக இருந்த ஸ்டெய்ன் வான் கொலனெஸ்ஸ 1743இல் தனக்குப் பின் வருகிறவருக்காக ஒரு நீண்ட குறிப்பு எழுதிவைத்தார். கல்லெட்டி 1911இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வென்றவர் வீட்டு ஏடுகளில் வராத செய்திகள் அதில் உண்டு. ஆனால் அதன் கண் எப்போதும் மிளகின் மேல்தான். யார் மிளகு தருவார், யார் மறைப்பார், எந்தச் சிற்றரசனை எவ்வளவு தூரம் நம்பலாம். மனிதர்கள் அதில் வருகிறார்கள், மிளகுக்குப் பின்னால்.

இனி எல்லைக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு சுபேதார் இருக்கிறார். தக்கலைப் பக்கம், மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது பாங்கோடு முகாமுக்குப் பக்கத்தில் திருமலையில் வீடு. 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். குளச்சல் பற்றிய ஒரு நூலை அவரிடம் கொடுத்திருந்தேன். அதில் படை நகர்வைக் காட்ட வரைபடமும் அம்புக்குறிகளும் இருந்தன. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்:

"புஸ்தகம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இந்த அம்புக்குறி இருக்கு பாருங்க, அதுக்குள்ள நாம நடக்கும்போது அது அம்பு இல்ல. முன்னால போறவன் முதுகு மட்டும்தான் தெரியும்."

"பின்ன எதுக்கு இதெல்லாம் படிக்கது?" என்று கேட்டேன்.

"படிக்கணும் அண்ணாச்சி. மேல இருக்கவன் எங்க தப்புப் பண்ணினான்னு அன்னைக்கு எங்களுக்குத் தெரியாதுல்லா. பின்னால புஸ்தகத்தப் பாத்துத்தான் தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "அங்க ஒருத்தன் குண்டடிபட்டுக் கிடந்தான். தண்ணி கேட்டான். தமிழ்லயாக்கும் கேட்டான். குடுத்தேன். ஆனா அவனைச் சுட்டது எங்க ஆளுதான். அது எந்தக் கணக்குல வரும் அண்ணாச்சி?"

அவர் கேட்டது எந்தப் புத்தகத்தில் என்று அல்ல, எந்தக் கணக்கில் என்று. ஜான் கீகன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தியவர். 1976இல் எழுதிய 'போரின் முகம்' என்ற நூலைத் தொடங்கும்போதே, தான் எந்தச் சண்டையிலும் இருந்ததில்லை என்று சொல்லிவிடுகிறார். பிறகு அஜின்கோர், வாட்டர்லூ, சோம் மூன்றையும் சிப்பாயின் உயரத்திலிருந்து பார்க்க முயல்கிறார். நல்ல நூல், நேர்மையான நூல். முன்னால் போகிறவன் முதுகு மட்டும் தெரிகிற அந்த நிலையை அவர் ஏறக்குறையப் பிடித்துவிடுகிறார். ஆனால் சுபேதாரின் இரண்டாவது கேள்வியை அவராலும் தொட முடியவில்லை. அது பார்வையின் உயரம் பற்றிய கேள்வியே அல்ல.

காரணமும் பொறுப்பும் ஒன்றல்ல. போர் நூல் காரணங்களைத் தேடுகிறது. குளச்சலில் மழை ஒரு காரணம், ஜாவா ஒரு காரணம், வெடிமருந்தில் விழுந்த குண்டு ஒரு காரணம், எலயடத்து சொரூபம் என்ற சிற்றரசின் ராணிக்காகத் தலையிட்ட சிலோன் கவர்னர் வான் இம்ஹாஃபின் கணக்குப் பிழை ஒரு காரணம். நூல் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் காரணங்கள் பெருகும். பெருகப் பெருக, 'இதை நான் செய்தேன்' என்று சொல்ல ஆளே இல்லாமல் போய்விடுகிறது. எல்லாம் எதனாலோ நடந்தது. மோசமான நூல் ஒருவனை அரக்கனாக்கி இன்னொருவனை அவதாரமாக்கும், அந்தப் பொய் எளிதில் தெரிந்துவிடும். நல்ல நூலில் நேரும் நஷ்டம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அதன் பலத்திலிருந்தே அது பிறக்கிறது.

மகாபாரதம் இதை நேருக்கு நேர் பார்த்திருக்கிறது. பதினெட்டாம் நாளோடு வியாசர் கதையை நிறுத்தவில்லை. ஸ்திரீ பர்வத்தில் பெண்கள் களத்துக்கு வந்து உடல்களை அடையாளம் காண்கிறார்கள். அடுத்து வரும் சாந்தி பர்வம்தான் பதினெட்டுப் பர்வங்களில் மிகப் பெரியது. சண்டை முடிந்த பிறகு ஒருவன் மனம் ஆறாமல் உட்கார்ந்திருந்ததற்கு வியாசர் கணிசமான இடம் கொடுத்திருக்கிறார். தருமன் அழுகிறான், ராஜ்யம் வேண்டாம் என்கிறான். தம்பிகள், திரௌபதி, கிருஷ்ணன், முனிவர்கள் எல்லாரும் காரணம் சொல்கிறார்கள். காலம், க்ஷத்திரிய தருமம், துரியோதனன் செய்த கொடுமை. வியாசரே வந்து ஒரு வாதம் வைக்கிறார். எல்லாம் ஈசுவரன் செய்விப்பது என்றால் பாவமும் ஈசுவரனையே சேர வேண்டும். மரத்தை வெட்டியவனைத்தான் பாவம் சேரும், கோடரியைச் சேராது. பிறகு அந்த வாதத்திலேயே நிற்காமல், செய்தவன் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார். கோடரிக்குப் பாவம் இல்லையென்றால் அசுவமேதம் எதற்கு? வியாசர் இதை மழுப்பவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பத்மநாபதாசன் என்றால் அந்தக் கோடரிதானா? திருப்படிதானத்தின் மையக் கேள்வி எனக்கு இதுதான்.

நவீன வரலாற்றாசிரியர்கள் பலர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். தானம் ஒரு ராஜதந்திரம். கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று பிறர் நாடுகளைப் பிடித்துச் சேர்த்தவனுக்கு அவற்றை ஆள உரிமை வேண்டியிருந்தது. நாடு சுவாமியுடையதாகிவிட்டால் அரசனை எதிர்ப்பது சுவாமி துரோகம். புத்திசாலித்தனமான ஏற்பாடு. பக்தர்களின் விடை வேறு. அரசன் ஞானம் பெற்று, வென்றதையெல்லாம் திருவடியில் வைத்தான், அவ்வளவுதான். சங்குண்ணி மேனன் 1878இலும் நாகம் அய்யா 1906இலும் வேலுப்பிள்ளை 1940இலும் பெருமிதத்தோடு எழுதியதெல்லாம் இந்தத் திசையில்தான் சாயும்.

இரண்டு விடையும் அரசனின் மனத்துக்குள் போய்வந்தது மாதிரிப் பேசுகின்றன. மனத்தின் நோக்கம் ஆவணத்தில் கிடைக்காது. அரசனுக்கு அந்தத் தானத்தால் லாபம் இருந்தது என்று காட்டலாம். லாபத்துக்காகத்தான் செய்தான் என்று அதிலிருந்து தாண்டுவது வரலாறாகாது. கோயிலுக்குப் போகிறவனுக்கு அங்கே வியாபாரச் சிநேகிதம் கிடைப்பதும் உண்டு, அதனால் அவன் கும்பிட்டது பொய்யாகிவிடாது. என் எண்ணத்தில் மார்த்தாண்ட வர்மாவின் பக்தி உண்மை, அதனால் கிடைத்த அரசியல் பலனும் உண்மை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நூல் எனக்குப் பாதி நூல்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு சான்று, நோக்கத்தைப் பற்றி ஊகிக்காமலே கையில் எடுக்கக்கூடியது. மார்த்தாண்ட வர்மா காலத்தில் தொடங்கியது முறைஜபம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, எட்டு நாளுக்கு ஒரு முறையாக ஏழு முறை, 56 நாள் வேதபாராயணம், கடைசியில் லட்சதீபம். 2020 ஜனவரியில் நடந்த லட்சதீபத்தன்று கிழக்கு நடையில் கூட்டத்தோடு நானும் நின்றேன். கோபுரமும் சீவேலிப்புரையும் தீபமாகப் பற்றியிருந்தன. பக்கத்தில் கிள்ளிப்பாலத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், ராஜா சண்டையில் கொன்ற பாவம் போக வைத்தது இது என்று. வழிவழியாக இந்த ஊரில் முறைஜபத்துக்குச் சொல்லப்படும் காரணம் அதுதான்.

இதை யோசித்துப் பாருங்கள். வாளையும் நாட்டையும் கொடுத்துவிட்டு அடிமையானவன், செய்விப்பவன் சுவாமி என்று சொல்லிவிட்டவன், பிராயச்சித்தத்துக்கும் ஏற்பாடு செய்துவைத்துப் போயிருக்கிறான். ஒரு தடவை செய்து முடித்துவிடவில்லை. ஆறாண்டுக்கு ஒருமுறை, தான் செத்த பிறகும், பேரனுக்குப் பேரன் காலத்திலும் நடக்கும்படி வைத்தான். கோடரி வாதத்தை அவனே முழுசாக நம்பவில்லை. தானத்தால் பூமி கைமாறலாம், பாவம் கைமாறாது என்று அந்த ஏற்பாடே சொல்கிறது. இந்த ஊர் மக்களின் நினைவு அதை அப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறது. நான் படித்த போர் நூல்களில் முறைஜபத்துக்கு ஒரு வரி கிடையாது. கோயில் நூல்களில் அதற்குப் பக்கம் பக்கமாக இடமுண்டு, கொல்லப்பட்டவர்களுக்குத்தான் இல்லை.

அந்தத் தானத்தை மட்டும் வைத்து அரசனைப் புனிதராக்கிவிடவும் கூடாது. நீலகண்டப் பிள்ளை என்ற அரண்மனை அதிகாரி, டிலனாயிடமிருந்து கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைபிடிக்கப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விசுவாசத்துக்காகவே கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் முடிவு. 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். மதம் மாறியதற்காகத் தண்டனை என்று அரசு ஆவணம் சொல்லவில்லை என்று மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. ஆண்டுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். 1750 ஜனவரியில் ஒற்றைக்கல் மண்டபத்தில் நாடு சுவாமிக்குத் தானமாகிறது. அந்த மாதம் சுவாமியின் அந்த நாட்டில் தேவசகாயம் காவலில் இருக்கிறார். இந்த இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில் வரும் நூல் வேண்டும் எனக்கு. கோட்டாறில் அவர் கல்லறைக்குப் போகிறவர்களும் பத்மநாபசுவாமி நடையில் நிற்கிறவர்களும் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல அல்ல, ஒரே மாதத்தில் இரண்டும் நடந்தது என்று சேர்ந்து தெரிந்துகொள்ள.

இன்னொன்றும் உண்டு. குளச்சல் கதையில் முக்குவர் என்ற மீனவர்களின் பங்கைப் பாடாதவர் இல்லை. அதே அரசன் தன்னை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்களை அழித்தபோது அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைத்தான் என்று பழைய நூல்கள் சொல்கின்றன, அதை ஒரு தண்டனையாகச் சொல்கின்றன. வாழ்ந்த வீட்டிலிருந்து பிடுங்கப்பட்ட அந்தப் பெண்களின் கதியை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. தங்களோடு வாழ்வதே தண்டனை என்று எழுதப்படுகிறதே என்று அந்த மீனவர் மனம் என்ன பாடுபடும் என்றும் யோசிக்கவில்லை. நாடு முழுவதும் சுவாமியுடையது என்று 1750இல் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அந்த நாட்டு மக்களில் பெரும்பகுதி இந்துக்களே அந்தச் சுவாமியின் வாசலுக்குள் கால்வைக்க 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச விளம்பரம் வரைக்கும் காத்திருந்தார்கள். பத்மநாபனுடைய பிரஜைகள், பத்மநாபனைப் பார்க்க முடியாதவர்கள். 186 ஆண்டு. இது போர் வரலாற்றில் சேருமா என்று கேட்டால், சேரும் என்பேன். யாருக்காகச் சண்டை நடந்தது என்ற கேள்விக்கு இதை விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது.

அசோகன் கலிங்கத்தில் செத்தவர் ஒரு லட்சம், சிறைபிடித்து நாடுகடத்தியவர் ஒன்றரை லட்சம் என்று தன் வாயாலேயே பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் சொன்னான். வென்றவன் தன் கையால் எழுதிய கணக்கு இது, உலகத்தில் இப்படி அதிகம் கிடையாது. ஆனால் கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில் அந்தச் சாசனம் இல்லை. அந்த இடத்தில் வேறு சாசனங்கள் இருக்கின்றன. வருத்தம் உலகத்துக்குச் சொல்லப்பட்டது, வருத்தப்படுத்தப்பட்டவர்களிடம் சொல்லப்படவில்லை. அசோகனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மார்த்தாண்ட வர்மா எந்த எண்ணிக்கையும் கல்லில் வெட்டவில்லை, அசோகனாவது எண்ணினான். எண்ணுவது போர் வரலாற்றின் கடமை. எண்ணிய பிறகு யாரிடம் போய்ச் சொல்வது என்பது அந்த வரலாற்றுக்கு எட்டாத இடம். அங்கே மதமோ தத்துவமோ ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

சுபேதார் ஒவ்வொரு கர்க்கடக வாவுக்கும் திருவல்லம் பரசுராமர் கோயிலுக்குப் பலியிடப் போவார். ஒருமுறை கூடப் போயிருந்தேன். கரமனை ஆற்றங்கரையில் விடியற்காலை மழைத் தூறலில் வரிசை. தந்தை, பாட்டன், தாய்வழி என்று பெயர் சொல்லிப் பிண்டம் வைக்கிறார்கள். கடைசியில், எள்ளும் தண்ணீரும் விட ஆளில்லாமல் போனவர்களுக்கும் ஒன்று உண்டு. பெயரோ குலமோ தெரிய வேண்டியதில்லை. சுபேதார் அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர் முணுமுணுத்தார். ஆற்றில் முங்கி எழுந்து வரும்போது நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "தமிழ்ல தண்ணி கேட்டான்லா, அவனுக்கு."

அவர் கேட்ட கணக்குக் கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது என்று சொல்ல மாட்டேன். செய்ய ஒரு காரியம் இருந்தது. காரணங்களை நான் அடுக்கியிருக்கலாம்: ஒப்பந்தம், மேலிட உத்தரவு, இரண்டு பக்கப் பிழைகள். எல்லாம் உண்மை, எல்லாம் நூல்களில் இருக்கிறது. அவர் அதையெல்லாம் படித்தவர்தான். படித்த பிறகும் 'எங்க ஆளு' என்ற சொல்லை விட்டுக்கொடுக்காதவர். தருமனும் அதைத்தான் செய்தான்.

உதயகிரிக் கோட்டையில் டிலனாய் புதைக்கப்பட்ட சிறு தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. 1777இல் இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பக்கத்தில் மனைவி, 1765இல் களக்காட்டுச் சண்டையில் இறந்த மகன். தோற்ற படையில் வந்தவர், வென்ற அரசனுக்குக் கோட்டைகள் கட்டி, அந்த அரசன் வாரிசுக்காக நடந்த சண்டையில் மகனைக் கொடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் வென்றது என்ற கேள்விக்கு இந்தக் குடும்பத்திடம் என்ன விடை இருக்கும்? போர் நூல்கள் டிலனாய் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்ததை எழுதுகின்றன, கோட்டைகளின் அமைப்பை எழுதுகின்றன. எழுத வேண்டியவைதான். 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூருக்கே ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டதையும் எழுதுகின்றன. பன்னிரண்டு ஆண்டில் எதிரி கடைக்காரனானான். குளச்சலில் அரிசி எரிந்து பட்டினி கிடந்த சிப்பாய்க்கு அந்த உடன்படிக்கையைப் படித்துக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்பதும் வரலாற்றாசிரியனின் வேலைதான் என்பது என் கட்சி. பதில் ஆவணத்தில் கிடைக்காது. கேள்வியை எழுதி வைக்கலாமே.

குளச்சல் பற்றி இனி ஒருவர் எழுதுவதானால் டச்சுக் கடிதங்கள் மட்டும் போதாது. கோட்டைக்குள் ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் சுருணை சுருணையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நிலம், நெல், பூசை, தண்டம், பிராயச்சித்தம் எல்லாம் அவற்றில் உண்டு. வட்டெழுத்தும் மலையாண்மையும் தமிழும் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஹேக் நகரத்துக் காகிதத்தையும் மதிலகத்து ஓலையையும் கோட்டாற்றுச் சவேரியார் கோயில் நினைவையும் குளச்சல் துறைக்காரர்களின் வாய்மொழியையும் ஒரே மேசையில் வைத்து எழுத ஒருவர் வர வேண்டும். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இப்போது எம்.ஏ. படிக்கும் பிள்ளைகளில் ஒருவராவது அந்த எழுத்துகளைக் கற்க உட்கார்ந்தால், டச்சு அகராதி வாங்கிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.